நீஸ் நகரில் சின்ன ஸ்டூடியோ: எடுக்கலாமா?

கேள்வி: ஜூலையில் ஆறு நாள் பிரான்ஸின் நீஸ் நகரில் தங்கப் போகிறோம். எனக்கு 63, மனைவிக்கு 59. அவருக்கு முழங்கால் வலி உண்டு. பழைய நகரத்தின் நடுவில் 22 சதுர மீட்டர் ஸ்டூடியோ ஒன்று ஹோட்டலைவிட மலிவாகக் கிடைக்கிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. நாமே சமைத்துக்கொள்ளலாமே என்று ஆசை. எடுக்கலாமா?

பதில்: ஸ்டூடியோ எடுங்கள், ஆனால் இது வேண்டாம்.

22 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 237 சதுர அடி. படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் அதற்குள்தான். இரண்டு பேர் ஆறு நாள் சமாளித்துவிடலாம். இடிப்பது படியும் ஜன்னலும்தான்.

பழைய நகரச் சந்துகளில் டாக்ஸி வாசல்வரை வராது. கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துப்போய், குறுகலான படிக்கட்டில் மூன்று மாடி தூக்க வேண்டும். ஒரு நாள் கூத்து என்றால் பரவாயில்லை. பால் வாங்க இறங்கினாலும் அதே படிதான்.

அப்புறம் வெக்கை. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் ஏசி கிடையாது. ஜூலை இரவில் ஜன்னலைத் திறந்தால், கீழே உணவகங்களின் நாற்காலிச் சத்தமும் பேச்சும் நள்ளிரவு தாண்டியும் மேலே வரும். மூடினால் புழுங்கும். நீஸ் வீட்டு ஜன்னல்களின் மரக் கதவுகளைக் கவனியுங்கள்: சாய்ந்த பட்டைகள் கோத்தவை, கீழ்ப்பகுதி மட்டும் தனியாக வெளிப்பக்கம் தூக்கித் திறக்கும். வெயில் உள்ளே வராது, தெருவையும் பார்க்கலாம், காற்றும் வரும். காலையிலேயே அவற்றைச் சாத்திவிட்டு, இரவில் திறப்பது ஊர் வழக்கம். ஆனால் சத்தத்துக்கு அது மருந்தில்லை. விளம்பரத்தில் 'சூர் கூர்' என்று இருந்தால் ஜன்னல் உள்முற்றம் பக்கம், 'சூர் ரூ' என்றால் தெருப் பக்கம். நான் எப்போதும் முற்றம் பக்கத்தையே எடுப்பேன், காட்சி போனாலும் சரி.

உங்களுக்கு மியூசிசியன் பகுதி பொருந்தும். ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. அகலமான தெருக்கள், லிஃப்ட் உள்ள கட்டடங்களும் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து 2ஆம் எண் டிராம் ஏறினால் பக்கத்திலேயே இறங்கலாம். பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். கூர் சலேயா சந்தைக்குக் காலையில் போங்கள். திங்களன்று மட்டும் காய்கறிக்குப் பதில் பழம்பொருட்கள் விற்பார்கள். அந்தப் பக்கம் கிடைக்கும் சொக்கா, கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சுடுவது, நம் அடைக்குத் தூரத்து உறவு. சைவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

படுக்கை எப்படி என்று கேளுங்கள். 'க்ளிக்-க்ளாக்' என்றால் மடக்கி விரிக்கும் சோபா. தினமும் இருவர் படுத்தால் முதுகு சொல்லும். 'மெசனின்' என்றால் ஏணி ஏறிப் படுக்கும் பரண். இரண்டும் வேண்டாம். 'சால் தோ' என்றிருந்தால் ஷவர் மட்டும்தான், தொட்டி இருக்காது. முழங்காலுக்கு அதுதான் நல்லது.

சுடுதண்ணீர் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். இப்படி ஒரு ஸ்டூடியோவில் முதல் நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவிவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்பு போட்ட பிறகு பச்சைத் தண்ணீர். சுவரில் தொங்கும் 'குமுலுஸ்' தொட்டி சின்னது, அது பெரும்பாலும் இரவில்தான் சூடாகும் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஒருவர் காலையில், ஒருவர் மாலையில் குளியுங்கள்.

சமையலுக்கு இரண்டு மின் அடுப்புகள் இருக்கும். துண்டு, படுக்கை விரிப்பு, துப்புரவுக் கட்டணம், தங்கும் வரி எல்லாம் வாடகையில் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோவதாக இருந்தால் அடாப்டரும் வேண்டும்: மின்னழுத்தம் 230 வோல்ட், நம்மைப் போலத்தான், ஆனால் நம்மூர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. குக்கர், அடுப்பு, கெட்டில் மூன்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஃப்யூஸ் போய்விடலாம். போனால் மறுபடி தூக்கிவிட வேண்டிய சுவிட்ச் எங்கே என்று சாவி வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.