1881-எஸ் எம்எஸ்64, 1884-எஸ் ஏயூ58: எதை மறுதரத்துக்கு அனுப்பலாம்?

வணக்கம். உங்களிடம் உள்ள இரண்டு மோர்கன் டாலர்களும் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள்; 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது) பிசிஜிஎஸ் என்ற தரச்சான்று நிறுவனத்தின் ஸ்லாபில், அதாவது மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில், இருப்பதாக எழுதி, கூடுதல் தரம் கிடைக்க எதை மறுபடி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்எஸ் என்றால் புழங்காதது, ஏயூ என்றால் லேசாக மட்டும் புழங்கியது; கூடவே வருவது 70 வரை போகும் தர எண். 1881-எஸ்ஸை அனுப்பவே வேண்டாம். அது பளபளப்போடு ஏராளமாகக் கிடைக்கும் நாணயம். தரம் 64-லிருந்து 65-க்கு ஏறினாலும் கூடும் விலை, கட்டணத்துக்கும் இருவழி இன்சூரன்ஸ் தபாலுக்குமே போய்விடும்.

1884-எஸ் கதை வேறு. புழங்கிய நிலையில் சாதாரணம், புழங்காத நிலையில் மிக அரிது. 58-ஐத் தாண்டி எம்எஸ் ஆனால் விலை பல மடங்கு. அதனாலேயே தரம் பார்ப்பவர்கள் இதில் கறாராக இருப்பார்கள்.

முதலில் நீங்களே பாருங்கள். இருட்டறை, ஒரே ஒரு குண்டு பல்பு, 5 மடங்கு லென்ஸ். ஸ்லாபைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளிப்பட்டை முன்பக்கத்துச் சுதந்திர தேவியின் கன்னத்தின் மேலும், காதுக்கு மேலுள்ள முடியிலும், பின்பக்கத்துக் கழுகின் மார்பிலும் அறுபடாமல் ஓட வேண்டும். அங்கே மங்கிய சாம்பல் திட்டு தெரிந்தால் அது தேய்மானம்தான், பணத்தை வீணாக்காதீர்கள். பளபளப்பு அறுபடாமல் முடி மட்டும் மழுங்கியிருந்தால், அச்சு சரியாக விழாததாக இருக்கலாம். அப்போது அனுப்பிப் பார்க்கலாம்.

அனுப்பினால் ஸ்லாபோடு 'ரீகன்சிடரேஷன்' (மறுபரிசீலனை) பிரிவில் அனுப்புங்கள். தயவுசெய்து நீங்களே உடைக்காதீர்கள். உடைத்ததும் உத்தரவாதம் போய்விடும். பிளாஸ்டிக் சில்லு கன்னத்தில் கீறும். உடைத்து அனுப்பிய நாணயத்தில் யாரோ முன்பு சுத்தம் செய்த தடம் தரம் பார்ப்பவர் கண்ணில் பட்டால், தர எண் இல்லாமல் 'டீட்டெய்ல்ஸ்' (குறையுள்ளது) என்று திரும்பி வரும்.

கன்னத்தைச் சாய்த்து எடுத்த படம் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.