குடிக்கலாமா, ஏலாதா? – கடிதம்

வணக்கம்.

நான் பட்டப்பின் படிப்பு மாணவி. நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் முதுதத்துவமாணி ஆய்வு. ஆய்வுகூட வேலை முடிந்து இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை ஆய்வரங்கு ஒன்றில் பதினைந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். போஸ்டரும் கேட்கிறார்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

துறைக்குள் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். முறையியலிலேயே நேரம் போய்விட்டது. ஊரில் ஒரு சிறிய கூட்டத்தில் அதே ஸ்லைட்டுகளைத் தமிழாக்கிக் காட்டினேன். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஒரு ஐயா எழும்பி, "பிள்ளை, அப்ப இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, ஏலாதா?" என்று கேட்டார். என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. எளிமையாகச் சொல் என்கிறார்கள். எளிமையாக்கப் போய் ஆய்வு பிழைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிப் பழகுவது?

ப.,
திருகோணமலை

அன்புள்ள ப.,

எளிமையாகச் சொல் என்ற அறிவுரையைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்தக் கூட்டத்தில் சொற்கள் கடினமாக இருந்ததால்தான் விளங்காமல் போனது என்று நான் நினைக்கவில்லை. உரம், மணல், மாரி, கிணற்று மட்டம் பற்றியெல்லாம் அங்கே இருந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிழைத்தது வரிசை. ஆய்வுக்கட்டுரை அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்று போவது அதைச் சரிபார்க்கப் போகிறவருக்காக. கேட்க வந்தவருக்கு முதலில் முடிவு வேண்டும். அது உனக்கு எப்படித் தெரியும் என்பது இரண்டாவது. எது வரைக்கும் தெரியும் என்பது மூன்றாவது. ஸ்லைட்டுகளைத் தமிழாக்கியபோது நீங்கள் பழைய வரிசையை அப்படியே வைத்துக்கொண்டீர்கள். ஐயா கடைசிவரை பொறுத்திருந்து முதலாவதைக் கேட்டிருக்கிறார்.

ஆகவே ஸ்லைட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வசனம் எழுதுங்கள். உங்கள் இலக்கங்களை நீங்கள் சொல்லவில்லை; ஒரு பேச்சுக்கு 40 கிணறுகள், அதில் 11 இல் அளவு கூட என்று வைத்துக்கொள்கிறேன். "ஆவணியிலும் புரட்டாதியிலும் பார்த்த 40 கிணறுகளில் 11 இல் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது, அந்த 11 இன் தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் கூடாது." எப்போது பார்த்தது, எத்தனையில் எத்தனை, எந்த எல்லைக்கு மேல், யாருக்கு ஆபத்து, நான்கும் இதற்குள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தாலும் வசனம் பொய்யாகத் தொடங்கும். காலத்தை எடுத்தால் மாரிக்குப் பிந்திய நிலையையும் நீங்கள் பார்த்ததாக ஆகிவிடும். யாருக்கு என்பதை எடுத்தால் ஊர் முழுக்கப் பீதி. 27.5 வீதம் என்று மாற்றினால் 40 கிணறு மறைந்து, ஊரில் உள்ள எல்லாக் கிணறுகளிலும் நாலில் ஒன்று என்று கேட்கும். நாற்பதுக்குத் தசம வீதமே தேவையில்லை.

இந்த வசனம் ஆய்வரங்குக்கும் ஊருக்கும் ஒன்றுதான். மாறுவது அதற்குப் பின்னால் எதை எவ்வளவு நேரம் சொல்கிறீர்கள் என்பது மட்டுமே.

இனி அலகு. இந்தத் துறையில் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான், பெரிய ஆட்களும் இங்கே சறுக்குவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான 50 மில்லிகிராம், நைத்திரேற்றாகக் கணக்கிட்டது. பல ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று-நைதரசனாக அறிக்கை தரும். நைத்திரேற்றின் மூலக்கூற்றுத் திணிவு 62, அதில் நைதரசன் 14. ஆகவே இரண்டாவதை 4.43 ஆல் பெருக்கினால் முதலாவது வரும். 50 என்பது நைதரசனாக 11.3. அறிக்கையில் 12 என்று மட்டும் இருந்தால், நைத்திரேற்றாக எல்லையின் நாலில் ஒரு பங்கு. நைதரசனாக எல்லையைத் தாண்டி 53. ஒரே தாள், இரண்டு எதிரான முடிவு. ஒவ்வொரு வரைபின் அச்சிலும், அட்டவணைத் தலைப்பிலும், வாயால் சொல்லும்போதும் எதுவாகக் கணக்கிட்டது என்று சொல்லுங்கள். ஆய்வரங்கில் முதற் கேள்வி இதுவாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஊரில் மில்லிகிராம் கையில் பிடிபடாது. வீட்டுக் கூரையில் இருக்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கியைக் காட்டி, அது நிறைய சரியாக எல்லையில் நிற்கும் தண்ணீர் இருந்தால் உள்ளே 50 கிராம் நைத்திரேற்று கரைந்திருக்கும் என்று சொல்லலாம். கணக்குச் சரி. ஆனால் இது எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு கெடுதி என்பதைச் சொல்லாது. அதற்குக் குழந்தையின் கதைதான் வேண்டும். 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகள் நீலம் பாய்ந்ததை ஹன்ட்டர் கொம்லி என்ற மருத்துவர் எழுதினார். உடலுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியின் ஒட்சிசன் காவும் திறனைக் குறைக்கிறது. இன்றைய 50 என்ற எல்லை புட்டிப்பால் குடிக்கும் குழந்தையை மனதில் வைத்தே போடப்பட்டது.

அடுத்து வரப்போகும் கேள்விகளை இப்போதே எழுதி வையுங்கள். முதலாவது, "கொதிக்க வைச்சாப் போகாதா?" போகாது. நீர் ஆவியாகி நைத்திரேற்று அப்படியே நிற்கும், செறிவு கூடும். குளோரினும் அகற்றாது. சாதாரண வடிகட்டியும் அகற்றாது, ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும். "தண்ணி நல்லாத்தானே இருக்கு, உவர் கூட இல்லையே?" நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ ருசியோ இல்லை. "பெரியாக்கள் குடிக்கலாமா?" இதற்கு நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பெறுபேற்றைக் காட்டி, அவர்களின் ஆலோசனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். முடிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மாதும் கூட்டத்தில் இருக்கட்டும். பால்மாக் குடிக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது மாதுக்குத் தெரியும்.

நீங்கள் பயப்படுவது போல ஆய்வு பிழைப்பது ஒரே ஒரு இடத்தில்தான்: காரணம் சொல்லும்போது. கட்டுரையில் "உரப் பாவனை ஒரு காரணமாக இருக்கலாம்" என்று எழுதுவீர்கள். கூட்டத்தில் அது "உரம்தான் காரணம்" என்று வாயில் வந்துவிடும். யூரியா மண்ணில் அமோனியமாகி, பிறகு நைத்திரேற்றாகும். எதிரேற்றம் உள்ள அதை மணல் பிடித்து வைக்காது. மழையோடு கீழே இறங்கும். இது சரி. ஆனால் அதே வளவில் மலசலகூடக் குழியும் இருக்கிறது, மாட்டுப் பட்டியும் இருக்கலாம். அங்கிருந்து வருவதும் அதே நைத்திரேற்றுத்தான். நைதரசன், ஒட்சிசன் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வேறு வேறு திணிவுள்ள அணுக்களை) அளந்தால் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிரிக்கலாம். அதைச் செய்யாவிட்டால், தோட்டத்துக்கு அண்மையான கிணறுகளில் கூடுதலாக இருந்தது என்பதோடு நிற்க வேண்டும். "எங்கிருந்து வந்தது என்பதை நான் அளக்கவில்லை" என்பது முழுமையான பதில். தலையைக் குனிந்து முணுமுணுக்காமல், முடிவைச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள்.

பழகும் முறை சாதாரணமானது. ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவருக்கு இரண்டு நிமிடம் சொல்லுங்கள், பிறகு அவரை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "விளங்கிச்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். திருப்பிச் சொல்லும்போது எது விடுபடுகிறது, எது திரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "40 கிணறும் பழுதாம்" என்று வந்தால் உங்கள் வசனத்தில் பிழை, அவரில் இல்லை. திருத்தி, வேறொரு ஆளிடம் போங்கள். முதல் ஆளுக்கு இப்போது விடை தெரியும், அவர் இனி உதவ மாட்டார். தொலைபேசியில் பதிவு செய்து கேட்பதும் நல்லது. மூச்சு முட்டும் இடத்தில் வசனம் நீளம்.

ஆய்வரங்குக்கு வருவோம். பதினைந்து நிமிடம் என்றால் பேச 12, கேள்விக்கு 3 என்று எடுங்கள். முறையியலுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்: கிணறுகளை எப்படித் தெரிவு செய்தீர்கள், போத்தலை எப்படிக் குளிரில் கொண்டுவந்தீர்கள், எந்த முறையில் அளந்தீர்கள். மீதி விவரத்தைக் கடைசி ஸ்லைட்டுக்குப் பின்னால் வைத்தால், கேட்பவருக்குக் காட்டலாம். ஒரு ஸ்லைட்டில் ஒரு வரைபு. அது திரையில் வந்ததும் முடிவைச் சொல்லப் பாயாமல், கீழ் அச்சு என்ன, பக்க அச்சு என்ன, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். 50 இல் ஒரு கோடு கீறுங்கள். வழுக்கோடுகள் நியம விலகலா, நியம வழுவா என்று எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவர்கள் சபையில் இருப்பார்கள். நீலமும் செம்மஞ்சளும் பாதுகாப்பு. கேள்வி வந்தால் அதைத் திரும்ப ஒருமுறை நீங்களே சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்கும், உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்லும் போட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வரட்சி. குளிப்பதை மூன்று நிமிடத்தோடு நிறுத்தக் குளியலறைகளில் மணற்கடிகாரம் வைத்திருந்தார்களாம், யோசனை அங்கிருந்து வந்தது. அசையாத ஒரே ஸ்லைட், மூன்று நிமிடம் தாண்டினால் நீக்கம். வெட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் அந்த மேடை நாடகத்தனத்துக்குக் கைதட்டும். கூட்டத்தில் அந்தக் குரலில் பேசினால் ஏதோ விற்க வந்த ஆள் மாதிரி இருக்கும்.

போஸ்டர் ஏ-0 என்றால் 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம். தலைப்பு 90 புள்ளி, உடல் எழுத்து 28க்குக் குறையாமல், 400 சொல்லுக்குள். தலைப்பிலேயே முடிவைச் சொல்லுங்கள். எக்செல் வரைபை ஸ்கிரீன்ஷொட்டாகப் பிடித்து ஒட்டினால் அச்சில் மங்கும். பீடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.

தமிழ் எழுத்து விடயத்தில் ஒரு எச்சரிக்கை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைட், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பேசப்போகும் மண்டபத்துக் கணினியில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். யூனிகோடில் எழுதி, எழுத்துருவை உட்பொதித்த பீடிஎஃப் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அச்சகத்தில் போட்டோஷொப்பில் ஒட்டும்போது கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறக்கூடும். அச்சிட முன் ஒரு சொல் விடாமல் பாருங்கள்.

ஊர்க் கூட்டத்துக்கு புரொஜெக்டர் வேண்டாம். பகலில் பொதுநோக்கு மண்டபத்தில் திரை தெரியாது. மின்சாரம் போனால் பேச்சும் போகும். இரண்டு பிரிஸ்டல் போட் போதும்: ஒன்றில் அந்த வசனம், மற்றதில் 40 வட்டம், 11 நிறம் தீட்டியது. வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள், ஜும்ஆ நேரம். வெங்காயம் கிண்டும் நாட்களும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிணற்றுக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெறுபேற்றைத் தனித்தனித் துண்டில் கொடுங்கள்: மாதிரி எடுத்த திகதி, கிடைத்த அளவு, எல்லை, என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்பது. தன் கிணற்றைப் பற்றி ஒருவர் ஊர்க் கூட்டத்தில்தான் முதன்முதல் அறிகிறார் என்றால் அடுத்த ஆய்வாளருக்கு அந்தப் படலை திறக்காது. போஸ்டரில் கிணறுகளின் துல்லியமான புள்ளிகளைப் படத்தில் போடாதீர்கள். வீட்டை அடையாளம் காண ஒரு புள்ளி போதும். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகக் காட்டினால் போதுமானது.

பத்திரிகைக்காரர் யாராவது அழைத்தால் அந்த வசனத்தை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள். "நிலாவெளிக் கிணறுகளில் நஞ்சு" என்று தலைப்பு வந்தால் அடி விழுவது வெங்காய விலையில். தலைப்பை அனுப்பிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் காட்ட மாட்டார்கள், கேட்பதில் தவறில்லை. வெங்காயத்தை நீங்கள் பரிசோதிக்கவில்லை என்பதையும் அதே கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.