மூலிகை மைதான், ஆனாலும் கண் எரிகிறதே?

கேள்வி: எனக்கு 24 வயது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மை போடாமல் வேலைக்குப் போனதில்லை. போன மாதம் ஏற்காடு போனபோது ‘மூலிகைக் கண் மை’ என்று ஒரு சின்ன டப்பா வாங்கினேன். கரிசலாங்கண்ணி, விளக்கெண்ணெய், பச்சைக் கற்பூரம் மட்டும்தான் என்றார்கள். போட்டதும் ஜில்லென்று இருக்கும், கொஞ்சம் எரியும், தண்ணீர் வரும். அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, விடாமல் போடு என்கிறார் அம்மாயி. ஆனால் பத்து நாளாகக் காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. சாயங்காலமானால் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. தினமும் போடலாமா? அக்காவின் ஆறு மாதக் குழந்தைக்கும் இதையே வைக்கிறோம். – சேலம் வாசகி

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். குழந்தைக்கு வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குள் மட்டுமல்ல, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாகவும் வேண்டாம். குழந்தை கையால் தேய்க்கும், அந்தக் கை நேராக வாய்க்குத்தான் போகும். அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் பயப்படுவது காரீயத்துக்கு. ஈயச்சொம்பில் ரசம் வைப்போமே, அந்த ஈயம் அல்ல, அது வெள்ளீயம். இது பழைய பேட்டரிகளில் இருக்கும் காரீயம். சுர்மா, அஞ்சனம் என்ற பெயர்களில் விற்கும் கறுப்புப் பொடிகள் சிலவற்றில் காரீய சல்பைடு இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அது வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். இந்த அளவு வரை போனால் பரவாயில்லை என்று குழந்தைகளுக்கு ஒரு கணக்கே கிடையாது. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் டப்பாவில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளாக வைத்தீர்கள் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவையென்றால் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்வார்.

சரி, இனி உங்கள் கண்ணுக்கு வருவோம்.

அம்மாயி சொன்னதை நானும் சின்ன வயதில் கேட்டவன்தான். எங்கள் வீட்டில் வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து, நிழலில் காயவைத்து, திரியாகத் திரித்து விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, மறுபடி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் எரித்த பிறகு மூலிகையில் என்ன மிஞ்சும்? கரிதான். என் கணக்கில், கரியாகிவிட்டால் கரிசலாங்கண்ணிக்கும் கத்தரிக்காய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கெண்ணெய் சாதுவான பொருள், அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. மையைக் கண்ணுக்கு அழகென்று போடுங்கள், ஆட்சேபமே இல்லை. மருந்தென்று நினைத்துப் போடுவதுதான் சிக்கல், ஏனென்றால் எரிச்சலையும் நல்லதாக எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த ‘ஜில்’ கற்பூரத்தின் வேலை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது, அவ்வளவுதான். கண்ணின் சூடு ஒரு டிகிரிகூட இறங்குவதில்லை. வருகிற தண்ணீர், எரிச்சலைக் கழுவித் தள்ளக் கண்ணே அவசரமாகச் சுரப்பது. வெங்காயம் நறுக்கினாலும்தான் தண்ணீர் வருகிறது. கண் சுத்தமாகட்டும் என்று யாரும் நறுக்குவதில்லையே.

மை எங்கே போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இமை முடிக்கு உள்பக்கம், கண்ணை ஒட்டிய ஈரமான ஓரத்தில் என்று ஊகிக்கிறேன். நம் ஊரில் பெரும்பாலோர் அங்கேதான் இழுக்கிறார்கள். அந்த ஓரத்தில் வரிசையாக நுண்ணிய துளைகள் இருக்கின்றன, மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பியின் வாய். நாம் இமைக்கும்போதெல்லாம் அங்கிருந்து துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் ஆடை போலப் படர்கிறது, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. தினமும் அந்த வாய்களின் மேல் மையை அப்பினால் எண்ணெய் உள்ளேயே கெட்டியாகிவிடும். போதாததற்கு நாள் முழுக்க ஏசி, ஷோரூம் விளக்குகள். சாயங்காலம் மண் விழுந்த மாதிரி உறுத்தாமல் என்ன செய்யும்? அப்புறம், ஏற்காட்டுக்கு டூ வீலரில் போகிறவர் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் எதிர்க்காற்று வேறு. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். மினுக்கும் துகள்கள் கலந்த பென்சிலால் ஒரு தடவை இமை முடிக்கு வெளியேயும், இன்னொரு தடவை உள்ளேயும் வரையவைத்து, கண்ணீரை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே வரைந்தபோது ஐந்தே நிமிடத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை அதிகத் துகள்கள் கண்ணீரில் மிதந்தன. மூலிகையோ கெமிக்கலோ, மை எந்த ஜாதி என்பதைவிட எந்தக் கோட்டில் இழுக்கிறோம் என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலையில் இமை ஒட்டுவது இமை ஓர அழற்சியாக இருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம், விரலால் தொட்டுத் தொட்டு டப்பாவில் சேர்ந்த கிருமியாகவும் இருக்கலாம். கண்ணைப் பார்க்காமல் எது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் எந்த மையும் வேண்டாம். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். சூடு ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளலாம். பிறகு இமையை முடிப்பக்கமாக மெல்ல நீவிவிட்டு, பீளையைத் துடைத்துவிடுங்கள். காலையும் இரவும் செய்தால் போதும். மெடிக்கலில் போய்க் ‘கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தைக் கொடுத்துவிட்டால் இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகும், நீங்களும் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பீர்கள். கண் அழுத்தம் ஏறி, பார்வை போன பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண் முழுக்கச் சரியான பிறகு மை போடலாம், தாராளமாக. வேலைக்கு அது வேண்டும் என்று புரிகிறது. உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, கலந்த பொருள்கள் எல்லாம் அச்சிட்ட மையாக வாங்குங்கள், மூலிகை வகையாக இருந்தாலும் சரி. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி நம் நாட்டில் நிறத்துக்காகக் காரீயமோ ஆர்சனிக்கோ சேர்க்கக் கூடாது. எழுத்தே இல்லாத டப்பாவிடம் எந்த விதியைக் காட்டிக் கேட்பது?

வாங்கியதும் கண்ணில் போட்டுப் பார்க்க வேண்டாம். முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவுங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் கண்ணுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் முடிக்கு வெளிப்பக்கம் மட்டும். டப்பாவைவிடப் பென்சில் மேல். சீவச் சீவப் புது முனை வரும். மூன்று மாதத்துக்கு மேல் ஒன்றையே வைத்துக்கொள்ளாதீர்கள், கடைத் தோழிகளுக்கு இரவல் கொடுக்காதீர்கள். மெட்ராஸ் ஐ காலத்தில் அந்த இரவல் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம். எவ்வளவு களைப்பாக வந்தாலும் இரவில் துடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், இமை வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒன்றும் வராவிட்டாலும், இரண்டு வாரத்தில் உறுத்தல் போகவில்லையென்றால் காட்டத்தான் வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த டப்பாவையும் மூடி கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கழுவித் துடைத்து அல்ல, இப்போது இருக்கிறபடியே.