பல் வலிக்குப் போய் மூன்று வட்டிக் கடனோடு வந்தால்

கேள்வி: குரோம்பேட்டையில் குடியிருக்கிறேன். சம்பளம் 42,000 ரூபாய். பல வருடமாகப் பார்த்துவந்த பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டதால், ‘கன்சல்டேஷன் இலவசம்’ என்று போர்டு வைத்த புது கிளினிக்குக்குப் போனேன். ஒரு கடைவாய்ப் பல்தான் வலி. எக்ஸ்ரே எடுத்து, வாய்க்குள் கேமரா விட்டு டி.வி.யில் காட்டி, மொத்தம் 48,000 என்றார்கள். வட்டியில்லா இ.எம்.ஐ., மாதம் 4,000தான் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மகள் காதுகுத்துக்கு வைத்திருக்கும் 60,000 ரூபாய் எஃப்.டி.யைத் தொட மனம் வரவில்லை. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? இனிமேலாவது பல் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட் சீட்டின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘4,000 x 12’ என்பதைச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம். அதற்குக் கீழே, யாரும் வட்டம் போடாத ஒரு வரி: ‘முழுத் தொகையும் உடனே செலுத்தினால் 10% தள்ளுபடி.’ உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய வரி அதுதான்.

தள்ளுபடி போக விலை 43,200. அன்றைக்கே நீங்கள் கொடுத்தது முன்தவணை இரண்டுக்கு 8,000, பிராசஸிங் கட்டணம் 1,000, அதற்கு ஜி.எஸ்.டி. 180. கழித்துப் பார்த்தால் உண்மையில் வாங்கிய கடன் சுமார் 34,000. பத்து மாதத்தில் கட்டப்போவது 40,000. மாதாமாதம் அசல் குறைவதால், சராசரியாகத் தலைமேல் நிற்கும் கடன் 19,000 ரூபாய்கூட வராது. அதற்கு மாதம் 600 ரூபாய் கூடுதல். ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்று வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். தெருமுனையில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டுப் படியை நீங்கள் மிதித்திருப்பீர்களா?

பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என 2013லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இந்த இ.எம்.ஐ.யைக் கொடுத்த கடன் கம்பெனி, கடன் விவரங்களை எழுதித் தரும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ தாளில் ஆண்டு வட்டி ஆறு, ஏழு சதவீதம்போலத்தான் தெரியும். அதில் பொய் இல்லை. நீங்கள் இழந்த தள்ளுபடி கிளினிக் சீட்டில் அல்லவா இருக்கிறது! இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும்.

கிளினிக் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் மாதத் தவணையாகப் போனுக்கு 2,600, பைக்குக்கு 3,400, ஃப்ரிட்ஜுக்கு 1,750 கட்டுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கெல்லாம் எந்த டாக்டர் ஏமாற்றினார்? ‘மொத்தம் எவ்வளவு’ என்று கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘மாதம் எவ்வளவு’ என்று கேட்கிறீர்கள். இப்போது பல்லுக்கான 4,000ஐயும் சேர்த்து மாதம் 11,750, சம்பளம் வருமுன்பே போய்விடுகிறது. இந்தப் பக்கம் ஆறேழு சதவீத வட்டிக்கு எஃப்.டி. சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. காதுகுத்துப் பணம் என்ற தயக்கம் புரிகிறது, உடைக்கவே வேண்டாம். அதே வங்கியில் எஃப்.டி. மேல் கடன் வாங்கியிருக்கலாம். எஃப்.டி. வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். 6,000 போகிற இடத்தில் 1,250 போல போயிருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பவுன்ஸ் கட்டணமும் சிபில் மதிப்பெண்ணில் விழும் அடியும் உங்களுக்குத்தான், கிளினிக்குக்கு அல்ல. கடனை ரத்து செய்ய ‘கூலிங் ஆஃப்’ என்று சில நாள் அவகாசம் உண்டு. மூன்று வாரத்தில் அது முடிந்திருக்கும். ஆனால் வைத்தியம் முடியவில்லையே. சீட்டில் 46, 47 என்று இருப்பவை பல்லின் எண்கள். 46 கீழ்த்தாடை வலப்பக்க முதல் பெரிய கடைவாய்ப் பல், 47 அதற்குப் பின்னால் இருப்பது. உங்களுக்கு வலித்ததும் வேர் சிகிச்சை முடிந்து கேப்புக்கு (பல் மேல் போடும் உறை) அளவெடுத்ததும் 46. வலியே இல்லாத 47க்கு வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்து 18,500. பல் வெண்மையாக்க 5,000. இரண்டையும் இன்னும் தொடவில்லை. அதாவது 23,500 ரூபாய் வேலை நடக்காமலே கிளினிக்கின் கையில் இருக்கிறது.

வெண்மையாக்குவதை உடனே வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். 47க்கு இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும். எக்ஸ்ரே நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி. கூட்டம் இருக்கும், அரை நாள் லீவு போட்டுப் போங்கள். அவசரமில்லை என்று அவர்கள் சொன்னால், அந்தத் தொகையைக் கடன் கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொல்லி கிளினிக்குக்கு மெயில் போடுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். எழுத்தில் கேட்டு மறுத்தால் அப்புறம் நுகர்வோர் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசலாம்.

பல் இன்ஷூரன்ஸா? விபத்தில் உடைந்தால் தவிர, சாதாரண மெடிக்ளெய்ம் பெரும்பாலும் பல்லைத் தொடாது. ஓ.பி.டி. (ஆஸ்பத்திரியில் தங்காமல் எடுக்கும் சிகிச்சை) சேர்த்தது என்று விற்பவற்றில் உச்சவரம்பையும் காத்திருப்புக் காலத்தையும் படித்துவிட்டுப் பேசுங்கள். போன் தவணை ஜூலையில் முடிகிறது என்கிறீர்கள். ஆகஸ்டிலிருந்து அந்த 2,600ஐ வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போடுங்கள். புது மாடல் வந்திருக்கிறதாம் என்று யாராவது சொன்னால், காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுங்கள்.