யாழ்ப்பாணத்தில் பாவித்த ஸ்ரேசன் வேகன் ஒன்றை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு பழைய வேகன் தேடுகிறீர்கள், புறோக்கர் ஒரு விலை சொல்கிறார், விளம்பரத்தில் வேறு விலை கிடக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் விற்கிற பக்கத்து விலைகள். நீங்கள் பார்க்கப்போகும் அந்த ஒரு வாகனத்தைத் திருத்தி, உங்கள் பெயருக்கு மாற்றி, நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர மொத்தம் எவ்வளவு முடியும் என்று பார்த்து, அதைச் சந்தை விலையிலிருந்து கழித்து நீங்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு வாருங்கள்.

அதற்குச் சந்தை விலை தெரிந்திருக்கத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போனது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும் வரி கூட என்பதால் பழையதைத் தேடுகிற ஆட்கள் குறையவில்லை. இக்மன், ரியசேவன என்ற விளம்பர இணையத்தளங்களில் அதே மாடலை, அதே உற்பத்தி ஆண்டை வைத்து ஒப்பிடுங்கள்; வாரக்கணக்காக விற்காமல் கிடக்கிற விளம்பரத்தை விட்டுவிடுங்கள், அந்த விலைக்கு ஆள் இல்லை. உற்பத்தி ஆண்டு என்று சொல்வதைக் கவனியுங்கள். ஜப்பானில் சில வருசம் ஓடிவிட்டு வந்த வாகனத்தில் பதிவு ஆண்டு பிந்தியதாக இருக்கும், விற்பவர் அதைத்தான் முதலில் சொல்வார்.

சரி, வாகனத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் பொனற்றைத் திறப்பார்கள். வேகன் என்றால் நான் பின்கதவைத்தான் முதலில் திறப்பேன். எங்கள் பக்கத்தில் இந்த வண்டிகள் வெங்காயம், வாழைக்குலை, சீமெந்து என்று எல்லாம் ஏற்றியவை. அதெல்லாம் பரவாயில்லை, மீன் ஏற்றியிருந்தால்தான் ஆபத்து. ஐஸ் கரைந்து உப்புத்தண்ணி கம்பளத்துக்குக் கீழே இறங்கி, ஸ்பெயார் ரயர் இருக்கும் குழியில் தேங்கி நிற்கும். கம்பளத்தை முழுக்கத் தூக்கி, ரயரை வெளியே எடுத்துவிட்டு, குழியின் ஓரத்தை ஒரு ஸ்குரூ டிறைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், கறள் தின்ற தகடு மந்தமாகக் கேட்கும், புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் சமதரையில் விட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சுமை இல்லாமலே பின்பக்கம் பதிந்து நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போங்கள், காலையில் வருகிறேன், ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்த ஆளிடம் விலை கதைப்பதில் பிரயோசனம் இல்லை. ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே ரோச் அடியுங்கள். எங்கள் கிணற்றுத்தண்ணியில் சுண்ணாம்பு எவ்வளவு என்று வீட்டுக் கேத்தலைப் பார்த்தாலே தெரியும். கூலன்ற் விடாமல் அந்தத் தண்ணியையே ஊற்றி ஓடியிருந்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும், பிறகு ஏ9 வீதியில் நீளமாக ஓடும்போதுதான் சூடேறும். எண்ணெய் மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஹெட் கஸ்கற் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்பு) பழுதோ என்று சந்தேகம், அதை மெக்கானிக் பார்க்காமல் காசைப் பற்றிக் கதைக்காதீர்கள். மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நான் பெரிதாக எடுப்பதில்லை, பிரேக் பெடலின் றப்பரும் சாரதி சீற்றின் ஓரமும் உண்மையைச் சொல்லும்.

நிசான் ஏ.டி., கொரொல்லா வேகன், புரொபொக்ஸ் இவற்றுக்குச் சாமான் எடுப்பது லேசு. அரிதான மாடல் ஒன்று மலிவாக வந்தால், ஒவ்வொரு சாமானுக்கும் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க முடியுமா என்று யோசியுங்கள்.

பத்திரங்கள்தான் இங்கே பெரிய தலையிடி. சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், உரிமையாளராக இருக்கிற ஆள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், விற்பவர் மூன்றாவது கை, கையில் ஓப்பின் பேப்பர், அதாவது உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குகிற ஆளின் பெயர் எழுதாமல் விட்ட மாற்றப் படிவம். அந்த ஆளின் அடையாள அட்டைப் பிரதியும் அவரோடு நேரே கதைக்க ஒரு வழியும் இல்லையென்றால் எவ்வளவு மலிவு என்றாலும் நான் தொடமாட்டேன். புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள். சேஸி இலக்கத்தை நீங்களே குனிந்து வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

பேரம் பேசும்போது வாகனத்தைக் குறை சொல்ல வேண்டாம், ஆளுக்குக் கோபம் வந்தால் விலை அசையாது. மெக்கானிக் எழுதித் தந்த துண்டைக் காட்டி, "அண்ணை, ரயர் நாலும் மாற்ற வேண்டும், றேடியேற்றர் வேலை இருக்கு, இவ்வளவு முடியும், இதைக் கழித்துச் சொல்லுங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கள். புறோக்கர் காசை யார் கொடுப்பது என்பதையும் அப்போதே கதைத்துவிடுங்கள். அட்வான்சுக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு எடுங்கள், மிச்சக்காசை உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து விழுகிற அன்றைக்குக் கொடுங்கள்.