கிளிநொச்சி போல வளர்ந்துவரும் நகரத்துக்கு வெள்ள வடிகால் திட்டத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வீதிக்கரை எல்லாம் கொங்கிரீட் கான் (வடிகால்) கட்டியும் மார்கழி மழைக்கு ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஒரு மீற்றர் கான்கூடக் கட்டுவதற்கு முன், இருக்கிற கான் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

வடிகாலைக் கீழிருந்து மேலே அளந்து வர வேண்டும். கான் விழும் குளத்திலோ வாய்க்காலிலோ வயலிலோ மாரியில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்பதுதான் முதல் இலக்கம். மதகுச் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் கிடக்கும் சேற்றுக்கறையை லெவல் (மட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்து, நகரம் முழுவதற்கும் ஒரே அடிப்படை மட்டத்தோடு இணைத்துப் பதியுங்கள். அந்த நீர்மட்டம் கானில் ஓட வேண்டிய நீரின் மட்டத்துக்கு மேலே இருந்தால், கான் என்ன அகலமாக இருந்தாலும் தண்ணீர் பின்னோக்கித் தேங்கும். வன்னியின் தட்டையான நிலத்தில் பல கான்கள் தோற்பது இதனால்தான்.

அடுத்தது அளவு. 20 ஹெக்டேயர் பகுதியை எடுப்போம். மணிக்கு 80 மில்லிமீற்றர் வேகத்தில் மழை. பற்றைக்காடாக இருந்தபோது மழையில் 30 வீதம் ஓடியது என்று வைத்தால், உச்ச ஓட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 1.3 கனமீற்றர். கூரையும் சீமெந்து முற்றமும் கார்ப்பெட் வீதியும் வந்து அது 70 வீதமானால் 3.1 கனமீற்றர். 1.2 மீற்றர் அகலக் கானில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீர் ஓடினால், ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் போவது 1.3தான். 3.1ஐக் கொண்டுபோக 1.8 மீற்றர் அகலமும் 1.25 மீற்றர் நீராழமும் வேண்டும். அதற்கு மேல் 15 சென்ரிமீற்றராவது வெறுமையாக விட வேண்டும். இன்றைய வீடுகளைக் கணக்கெடுத்துக் கட்டினால் பத்து வருடத்தில் கான் போதாமல் போகும். வெறுங்காணிகளும் வீடானதாக வைத்தே கணக்குப் போடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு வீதிக்குக் குறுக்கே ஒற்றை 900 மில்லிமீற்றர் ஹியூம் குழாயை (கொங்கிரீட் குழாய்) புதைப்பதும் நடக்கிறது. அதே சரிவில் அது நிரம்பி ஓடினாலும் 0.6 கனமீற்றருக்கு மேல் போகாது. வளவு வாசலுக்கு அவரவர் போடும் சின்னக் குழாய் இன்னும் மோசம். ஒரு பொலித்தீன் பையும் ஒரு தென்னோலையும் வாயில் சிக்கினால் போதும். குழாய்க்குப் பதில் கானின் அதே உள்ளகலத்தில் தூக்கக்கூடிய சிலாப்புப் போட அனுமதி கொடுங்கள். ஏ9 வீதிக்கும் தண்டவாளத்துக்கும் கீழே உள்ள மதகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று அகலமாகவும் மற்றது ஒடுக்கமாகவும் இருந்தால் இடையில் அகப்பட்ட வளவுகள்தான் குளமாகும்.

என் பார்வையில் மிகப் பெரிய வாய்ப்பு நகரத்துக்குள் இருக்கும் சிறுகுளங்கள். வவுனியா நகரின் வவுனியாக் குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம் போன்றவற்றின் அலைகரையில் (குளத்து நீர் ஏறி இறங்கும் ஓரம்) மண் கொட்டி நிரப்புவது, வெள்ளம் தங்க இருந்த இடத்தை அழிப்பது. 20 ஹெக்டேயர் நீர்ப்பரப்பில் 30 சென்ரிமீற்றரை வெறுமையாக வைத்தால் 60,000 கனமீற்றர் கொள்ளும். மேலே சொன்ன 3.1 கனமீற்றர் ஓட்டத்தை ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மார்கழியில் குளம் ஏற்கெனவே நிரம்பி வான் (மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்துகொண்டிருந்தால் இந்தப் பயன் கிடைக்காது. எனவே வானில் பலகை போடும் வெட்டு ஒன்று வைத்து, மாரி உச்சத்தில் மட்டத்தைத் தாழ்த்தி, கடைசி மழைக்குப் பலகையைப் போட்டு நிரப்பலாம். பின்மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும் என்ற கமக்காரரின் பயம் நியாயமானது. அதனால் வயல்கள் வீடாகிப்போன குளங்களில் முதலில் செய்யுங்கள். மற்றவற்றில் கமக்காரர் அமைப்பின் சம்மதமில்லாமல் தொடவேண்டாம். வானுக்குக் கீழே போகும் கழிவாய்க்காலில் கட்டடம் எழும்ப விடவே கூடாது.

கிளிநொச்சியின் பெரிய இரணைமடுக் குளத்தை இதோடு கலக்காதீர்கள். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்து, கண்டாவளைப் பக்கம் மூழ்கியபோது வந்தது கனகராயன் ஆற்று வெள்ளம். எந்த நகரக் கானும் அதைத் தடுத்திருக்காது. அங்கே வேண்டியது முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறப்பதும், சுண்டிக்குளம் வரை ஆற்றுப்பள்ளத்தில் குடியிருப்பைத் தவிர்ப்பதும்.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஊறுகுழி மேட்டுச் செம்மண்ணில் நன்றாக வேலை செய்யும். தாழ்ந்த களிமண் வளவில் மார்கழியில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும், அங்கே காசைக் கொட்டவேண்டாம்.

துப்புரவு புரட்டாசிக்குள் முடிய வேண்டும், அதுவும் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி. அள்ளிய மண்ணைக் கான் கரையிலேயே குவித்தால் முதல் மழைக்கே திரும்ப உள்ளே விழும், அன்றன்றே ஏற்றிவிடுங்கள். கானின் ஒரு துண்டு பிரதேச சபைக்கும் அடுத்தது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அதற்கடுத்தது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கும். எந்தத் துண்டு யாருடையது என்று நிறம் போட்ட ஒரே வரைபடத்தை மாவட்டச் செயலகத்தில் வைத்து, ஆவணி மாதமே எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திக் கையெழுத்து வாங்குங்கள்.