கவச வண்டியில் இடம் விலைக்குக் கிடைக்காது

கேள்வி: 12-ஆம் வகுப்பு முடித்த என் மகன், ராணுவத்தில் வேவு பார்க்கும் கவச வண்டிக்கு ஓட்டுநராக ஆசைப்படுகிறான். அந்த வண்டியிலேயே இடம் வாங்கித் தருவதாகப் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் 3 லட்சம் ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு தாய், செய்யாறு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. குறிப்பாக, சான்றிதழ்களைக் கையை விட்டு அனுப்பாதீர்கள்.

வேவு வண்டி ஓட்டுநர் என்று தனியாக ஆள் எடுப்பதே கிடையாது. நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிவீரர் திட்டத்தில், பொதுப்பணி, தொழில்நுட்பம் போன்ற வகைகளில்தான் விண்ணப்பிக்க முடியும். இணையவழிப் பொது நுழைவுத் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டித் தகுதிப் பட்டியலில் பெயர் வந்த பிறகே எந்தப் படைப்பிரிவு என்பது முடிவாகும். கவச வண்டிகளில் சென்று போரிடும் இயந்திரமயக் காலாட்படை கிடைத்தால் மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில், அதாவது பழைய அகமதுநகரில், பயிற்சி. இந்த ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதிப் போட இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தரகர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

அந்தப் படையின் கவச வண்டியான, தெலங்கானாவின் மேதக்கில் தயாரான பிஎம்பி-2-ஐ இயக்குபவர்கள் மூவர்: வண்டியின் தளபதி, பீரங்கி இயக்குபவர், ஓட்டுநர். மூடியை இறக்கிவிட்டால் ஓட்டுநருக்குப் பெரிஸ்கோப் வழியே தெரியும் சிறு துண்டு நிலமும், காதுக் கருவியில் வரும் தளபதியின் குரலும்தான் வழி. வேவுப் பணியில் சுடுவது கடைசி வேலை. கண்டதைப் பிசகில்லாமல் வானொலியில் சொல்வதே முதல் வேலை. அவசரப்பட்டு எஞ்சினை உறுமவிட்டால் புகையும் ஓசையுமே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கேற்ற நிதானம் யாருக்கு உண்டு என்பது பயிற்சியிலும் படைப்பிரிவிலும் பழகிப் பார்த்துத்தான் தெரியும். செய்யாறில் இருப்பவர் அதை எப்படி முன்கூட்டி விற்பார்?

அவருடைய கணக்கு எளிது. பலரிடம் பணம் வாங்குவார். சொந்தத் திறமையால் தேறியவர்களின் பணத்தை வைத்துக்கொண்டு, தேறாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து நாணயஸ்தர் என்று பெயரும் வாங்குவார்.

ஒரு சலுகை உண்மையிலேயே உண்டு. செல்லுபடியாகும் இலகுரக வாகன ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு, ஓட்டுநர் தேவைக்கு முன்னுரிமை என்று ஆட்சேர்ப்பு அறிவிப்பிலேயே இருக்கிறது. இதைத்தான் திரித்து, உரிமம் இருந்தால் தேர்வே வேண்டாம் என்கிறார்கள். தேர்வு வேண்டும்; ஓட்டமும் வேண்டும். கனரக உரிமத்துக்கு அலைய வேண்டியதில்லை, ஏனெனில் சங்கிலிச் சக்கர வண்டியை ஓட்ட ராணுவமே கற்றுத்தரும். உரிமம் எந்த வண்டி என்பதையும் தீர்மானிக்காது. மகனுக்கு 18 வயது நிறைந்திருந்தால் முறைப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக்காட்டியே வாங்கட்டும். போலி உரிமம் சரிபார்ப்பில் பிடிபட்டால் எல்லாமே போகும்.

நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். விண்ணப்பத்தை ராணுவத்தின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் மட்டும் போடுங்கள். சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், எழுத்து மூலமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.